தோள் வரைக்கும்

பாயம்மாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால், எதிரே ஒருவர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில் அவர் வீடு. எட்டு வருஷம் அந்த வீட்டு ஜன்னலுக்குப் போய் வந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பச்சைத் துணித் திரை, அதற்குப் பின்னாலிருந்து வரும் குரல், வேலைக்குக் கொண்டுபோன சாமானை வாங்கிக்கொள்ள நீளும் ஒரு இடது கை, அவ்வளவுதான். அந்தக் கையை மட்டும் ஆயிரம் பேர் கூட்டத்திலும் அடையாளம் சொல்லிவிடுவேன். ஆள்காட்டி விரல் முட்டியில் கடுகு தெறித்த மாதிரி கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் இருக்கும். ஆனால் அவை அடுப்படியில் வந்தவை அல்ல.

பெயரும் எனக்குத் தெரியாது. கோஷாவில், திரைமறைவில் இருக்கும் வீட்டுப் பெண்ணின் பெயரைக் கேட்பது மரியாதையும் இல்லை. மெக்கானிக் பாயின் சம்சாரம் என்பதால் எல்லோருக்கும் அவர் பாயம்மா.

அப்போது நான் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையோரம் வாழைத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தேன். ஐம்பதுகளின் கடைசி. எங்கள் பக்கம் தண்ணீர் இறைத்ததெல்லாம் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் சின்ன இன்ஜின்கள். அவற்றுக்கு பேட்டரி கிடையாது. பிளக்கில் பொறி விழுவதற்கு, மேக்னெட்டோ என்று இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு சாதனம் பக்கவாட்டில் பூட்டியிருக்கும். உள்ளே லாடம் போல வளைந்த ஒரு காந்தம், அதன் இரண்டு கால்களுக்கு நடுவே கம்பி சுற்றிய ஒரு உருளை. உருளை சுற்றினால் பொறி வரும். பொறி வராவிட்டால் மீதி இன்ஜின் முழுவதையும் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

திருச்சியில் மேக்னெட்டோ பார்க்கிறவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். அவர்கள் ஒயர் நுனியை இரும்பில் காட்டி, பொறி பறக்கிறதா என்று பார்ப்பார்கள். பறந்தால் சரி, எடுத்துக்கொண்டு போகலாம். பாயம்மா பார்ப்பதில்லை, வாங்குவார். பாய் இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லி உருளையை வெட்டிச் சுற்றுவார். பாயம்மா ஒரு கையை மேக்னெட்டோவின் உடம்பில் வைத்துக்கொண்டு, பொறியை மற்றக் கையின் விரல் முட்டியில் வாங்குவார். எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதுதான் அவருக்கு அளவு. விரலோடு நின்றால் பாயிண்ட்டில், அதாவது உள்ளே தொட்டுப் பிரியும் இரண்டு முனைகளில், அழுக்கு. மணிக்கட்டு வரை வந்தால் கண்டென்சர் போய்விட்டது. முழங்கை என்றால் காந்தம் இளைத்திருக்கிறது. தோள் வரைக்கும் போய் அடித்தால் மேக்னெட்டோ நன்றாக இருக்கிறது.

என் சகலை இதை இன்றுவரை நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும். எட்டு வருஷத்தில் அவர் சொன்ன பழுது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்பதற்கு நான் சாட்சி.

வெளியே நிற்கும் எங்களுக்கு முதலில் வளையல் சத்தம் கேட்கும். கையில் கிடப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைப்பார். அதற்கப்புறம் சந்தில் யாரும் பேச மாட்டோம். உள்ளே உருளை ஒரு தடவை சுற்றும். பிறகு, "முழங்கை" என்று குரல் வரும். சந்தையில் வெண்டைக்காய் விலை சொல்கிற சாதாரணத்தில் சொல்வார்.

பாய் இன்ஜின் மெக்கானிக். சைக்கிளில் பைப்பும் ஸ்பானருமாகத் தோட்டம் தோட்டமாகப் போவார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. பிஸ்டன், வால்வு எல்லாவற்றையும் அவரே பார்த்துவிடுவார். மேக்னெட்டோ என்று வந்துவிட்டால் மட்டும் அதைக் கழற்றித் துணியில் சுற்றி ஹாண்டிலில் மாட்டிக்கொள்வார்.

"நட்டு, போல்ட்டு, கரி, எண்ணெய் இதெல்லாம் என் டிபார்ட்மெண்ட். நெருப்பு வீட்டு டிபார்ட்மெண்ட்" என்பார்.

மனைவிக்கு அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். பாயம்மாவின் பிறந்த வீட்டில் செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறார்களாம். மிளகைவிடச் சின்னக் கல்லில் பட்டை பிடித்த கை. கல்யாணமாகி வந்த புதிதில், பாய் எரிந்து போன ஒரு காயிலை மூலையில் வீசியிருக்கிறார். அதை எடுத்துத் தலைமயிர் போன்ற கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிப் பிரித்து, புதுக் கம்பியை அதே எண்ணிக்கையில் சுற்றி வைத்தாராம். பாய் சிரித்துக்கொண்டே பூட்டியிருக்கிறார். இன்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

"அன்னிலேர்ந்து நான் வாயைத் திறக்கறதில்லைங்க" என்றார் பாய்.

பாயிண்ட் இடைவெளிக்குப் பாயம்மா வைத்திருந்த அளவு, கல்யாணப் பத்திரிகையின் அட்டை. அதைச் சிறு கீற்றாக வெட்டிப் பாயிண்ட்டுக்கு நடுவே விட்டு இழுப்பார். உரசிக்கொண்டு வர வேண்டும், சிக்கவும் கூடாது. இது தெரிந்த பிறகு எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் அந்த ஜன்னலுக்கு ஒரு பத்திரிகை போய்விடும். என் தங்கை கல்யாணத்துக்கு நான் வைத்த பத்திரிகையைத் திரைக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டு, "தாள் மெலிசா இருக்கே தம்பி. பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்றார்.

நெருப்பு விஷயத்தில் தாட்சண்யம் என்பதே அவரிடம் கிடையாது. ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவர், கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர், மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். அதிலும் மேக்னெட்டோதான். கோளாறு சரியாகி வண்டி சந்து முனையில் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் பாயம்மா வேலை முடிந்தது என்று சொல்லவில்லை.

"முழங்கையைத் தாண்டலைங்க. இருந்து நாளைக்கு எடுத்துக்குங்க."

"வண்டி ஓடறதே அம்மா. அடியேன் கண்ணாலே பொறியைப் பார்த்தாச்சு. நீலமா விழறது" என்றார் ஐயங்கார்.

"வெளியில காத்துல யாரு வேணும்னாலும் குதிப்பாங்க. உள்ளே இன்ஜின் அமுக்கறப்போ குதிக்கணும்ல. என் கைக்கே வராதது உங்க இன்ஜினுக்கு எப்படிங்க வரும்?"

ஐயங்காருக்கு அன்று சாயங்காலம் ஆத்துக்காரியோடு பெருமாள் சேவைக்குப் போக வேண்டும். கேட்காமல் எடுத்துக்கொண்டு போனார். தட்டையான ரோட்டில் ஓடிய வண்டி காவிரிப் பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டது. மடிசாரோடு அம்மாள் முன்னால் நடக்க, இவர் பின்னால் தள்ளிக்கொண்டு வந்ததை ஸ்ரீரங்கமே பார்த்தது. மறுநாள் காலை நான் என் மேக்னெட்டோவோடு சந்தில் நின்றபோது அவரும் வந்து சேர்ந்தார். திரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"புஸ்தகத்திலே இதே விஷயம் இரண்டு பக்கம் இருக்கு. அடியேன் வருஷா வருஷம் அதைப் பாடம் சொல்றேன்" என்றார் என்னிடம், மெதுவாக.

எனக்குப் பாயம்மா கொடுத்த கட்டளை ஒன்றே ஒன்றுதான். மேக்னெட்டோவைப் பிரித்தால், உருளையை உருவுகிற அதே வேகத்தில் காந்தத்தின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஒரு இரும்பை வைத்துவிட வேண்டும்.

"அதை வெறுங்கையா உக்கார வைக்காதீங்க தம்பி. பிடிச்சுக்க ஒண்ணு கொடுத்துட்டா அது பாட்டுக்கு இருக்கும். இல்லேன்னா பலம் அத்தனையும் போயிடும்."

அவர் வைப்பது பாக்குவெட்டி. மாமியார் காலத்துப் பாக்குவெட்டி, நல்ல கனம். நல்ல காந்தம் அந்தப் பாக்குவெட்டியைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்பது அவர் வீட்டுப் பரீட்சை. எட்டு வருஷம் கேட்ட இந்த ஒரு கட்டளையைத்தான் நான் மறந்தேன்.

பாய் ஐந்தே நாள் காய்ச்சலில் போய்விட்டார். ஒரு புரட்டாசியில். எனக்குத் தெரிந்தபோது அடக்கம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. சந்துக்குப் போனேன், ஜன்னல் மூடியிருந்தது. பாயின் அக்கா வாசலில் நின்று, "இத்தா இருக்காங்க. நாலு மாசம் பத்து நாள். வெளி ஆம்பளைங்க கண்ணுல படக் கூடாது, பேசக் கூடாது. வேலையெல்லாம் எடுக்கறதில்லைங்க" என்றார். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கரை ஏறிய கொள்ளிடம் தன் பாட்டுக்கு வடிந்துவிட்டது. என் தோட்டம் பள்ளம், உள்ளே நின்ற தண்ணீருக்குப் போக வழியில்லை. முழங்கால் ஆழம். வாழை தண்ணீருக்கு ஆசைப்படும், ஆனால் தண்ணீரில் நிற்காது. நாலு நாள் நின்றால் கிழங்கு அழுகி, தாரோடு சாயும். இரண்டு மாதத்தில் வெட்ட வேண்டிய தார்கள் அத்தனையும் மரத்தில் இருந்தன. அவை போனால் குத்தகையும் போய்விடும், நான் மறுபடி யாராவது தோட்டத்தில் கூலிக்கு நிற்க வேண்டும். மேட்டில் இருந்த இன்ஜினை முதல் நாள் இழுத்து இழுத்துப் பார்த்தேன். இருமக்கூட இல்லை. மேக்னெட்டோவில் தண்ணீர் இறங்கியிருந்தது.

பாய் இல்லை. துக்க வீட்டுக் கதவைத் தட்டவும் மனசு வரவில்லை. நானே பிரித்தேன். உருளையை உருவி வெயிலில் வைக்கப் பார்த்தால் வெயில் இல்லை. ஈர வேட்டியை, ஈர விறகை என்ன செய்வோமோ அதைச் செய்தேன். காந்தத்தையும் உருளையையும் தனித்தனியாக அடுப்போரம் வைத்து மறுநாள் காலை வரை காய வைத்தேன். பிடித்துக்கொள்ள ஒன்றும் கொடுக்கவில்லை. சூடு வேறு. பூட்டிய பிறகு அன்று பகல் முழுக்க இழுத்தேன். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் போய்ச் சந்தில் நின்றேன். பாயின் அக்கா கதவைத் திறந்து, மறுபடியும் இத்தா என்று ஆரம்பித்தார். அதற்குள் உள்ளேயிருந்து பாயம்மாவின் குரல் நாத்தனாரை மச்சி என்று கூப்பிட்டு அவரிடம் கேட்டது, என்னிடம் இல்லை.

"யாரு மச்சி, கொள்ளிடக்கரைத் தோட்டக்காரரா? தண்ணி நிக்குதான்னு கேளுங்க."

"நிக்குதுங்க. நாளையோட நாலு நாள்" என்றேன், அக்காவைப் பார்த்து.

பிறகு ஜன்னலின் ஒரு கதவு திறந்தது. பச்சைத் திரை அப்படியே இருந்தது. கை நீளவில்லை. அக்காவே வாங்கி உள்ளே கொண்டுபோனார். நான் சந்தில் நின்று காது கொடுத்தேன். வளையல் சத்தத்துக்குக் காத்திருந்தேன் என்பது, அது வராதபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அக்கா திரும்பி வந்தார்.

"பாக்குவெட்டி நிக்கலையாம். உருளையை உருவி எத்தனை நேரம் வெறுமனே வச்சிருந்தீங்கன்னு கேக்கறாங்க."

"உடனே பூட்டிட்டேங்க. ஒரு நிமிஷம்கூட இருக்காது" என்றேன்.

ஏன் பொய் சொன்னேன் என்றால், அந்த ஒரே கட்டளையை மீறியவன் என்று அவரிடம் பெயரெடுக்க வெட்கம். வேறு காரணமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா வந்து, இரண்டு லாரி பேட்டரி வேண்டும் என்றார்.

என் வாழைத்தார் ஏற்றுகிற லாரிக்காரர் மார்க்கெட்டிலேயே நின்றிருந்தார். காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, தள்ளுவண்டியில் இரண்டு பேட்டரி கொண்டுவந்து நடையில் வைத்துவிட்டு விலகி நின்றேன். இரண்டு பெண்களுமாக உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். காந்தத்தின் இரண்டு கால்களிலும் கனத்த கம்பியைச் சுற்றி, பேட்டரியில் ஒரு நொடி தொட்டுத் தொட்டு எடுத்தால் போன பலம் திரும்புமாம். நான் எதையும் பார்க்கவில்லை. கம்பி தொடும்போதெல்லாம் திரையில் வெளிச்சம் வெட்டியதையும், ஒவ்வொரு தொடலுக்கும் முன்னால் அவர் பிஸ்மி சொன்னதையும்தான் சொல்ல முடியும். அந்த பிஸ்மி பாய் சொல்வது. அவர் குரலில் அதைக் கேட்டது அன்றுதான்.

பூட்டி முடித்ததும் அவரே சுற்றி, அவரே வாங்கிப் பார்த்தார். உருளை ஒரு தடவை சுற்றியது. மறுபடியும் சுற்றியது. மூன்றாவது, நான்காவது தடவையும் சுற்றியது. முழங்கை என்றோ மணிக்கட்டு என்றோ குரல் வரவில்லை. பிறகு அக்காவிடம் அவர் தணிந்து சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது.

"ஒண்ணும் தெரியலை மச்சி. அவர் போனதுலேர்ந்தே எனக்குக் கையில எதுவும் உறைக்கலை. சோறு கொதிக்கறது உறைக்கலை. இது செத்திருக்கா, என் கை செத்திருக்கான்னு எனக்குப் புரியலை."

சந்துச் சுவரில் சாய்ந்து நின்றேன். தோட்டம், தண்ணீர் எல்லாம் அந்த நிமிஷம் எனக்கு மறந்து போனது.

அக்கா திரைக்கு அடியில் இரண்டு ஒயர் நுனியை வெளியே நீட்டினார். "நீங்க வாங்கிப் பார்த்துச் சொல்லணுமாம். ஒண்ணை வலது கையில பிடிச்சுக்குங்க. இன்னொண்ணை இடது முட்டிக்குக் கிட்டே வைக்கணுமாம்."

உள்ளே பிஸ்மி கேட்டது. உருளை சுற்றியது. ஒரு பெரிய தேள் கொட்டிய மாதிரி இருந்தது. முழங்கை வரைக்கும் இழுத்துவிட்டு நின்றுவிட்டது. முழங்கை என்றால் காந்தம் இன்னும் இளைப்புதான். சொன்னால் மறுபடி பிரிக்க வேண்டும், இன்னும் இரண்டு மணி நேரம். பஸ், நாலாம் நாள், சாய்ந்து நிற்கும் மரங்கள் எல்லாம் கண் முன்னால் வந்தன. பொறிதான் வருகிறதே, எப்படியும் ஓடிவிடும் என்று நினைத்தேன். பாலத்தில் வண்டி தள்ளிய ஐயங்காரை நினைக்கவில்லை.

"தோளுங்க. தோள் வரைக்கும் வந்துடுச்சு" என்றேன்.

அக்காவுக்கு வேலை வைக்காமல் பாயம்மாவே பேசினார். என்னிடமா, அக்காவிடமா என்று தெரியாதபடி பேசினார்.

"தோள் வரைக்கும் போனவங்க குரல் இப்படி வராது."

அதற்கப்புறம் எனக்கு மறைக்க என்ன இருந்தது? அடுப்போரம் வைத்ததை, பகலும் இரவுமாக வெறுமனே விட்டதை, இப்போது வந்தது முழங்கை வரைதான் என்பதை, எல்லாவற்றையும் அந்தத் திரையைப் பார்த்துச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. உள்ளே மேக்னெட்டோவைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் பிஸ்மி, மறுபடியும் வெளிச்சம். முதல் தடவையைவிட இரண்டு பங்கு நேரம் ஆனது.

மதியத்துக்கு மேல் ஒயர் நுனிகள் மீண்டும் வெளியே வந்தன. பிடித்துக்கொண்டேன். எதிர்ச் சுவரில் என் முதுகு மோதியது தெரிந்தது, அவ்வளவுதான். உட்கார்ந்திருந்தேன். தோளிலிருந்து கழுத்து வரை யாரோ உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை.

"என்ன வந்துச்சுங்க?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டார்.

"கேக்க வேண்டாம் மச்சி. கொடுத்தனுப்புங்க" என்றார் பாயம்மா.

இந்தப் பொறியை அந்த அம்மாள் எத்தனை வருஷமாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, ஊரான் வீட்டு இன்ஜினுக்காகத் தன் கையில் வாங்கிக்கொண்டிருந்தார் என்று அங்கே உட்கார்ந்துதான் எனக்கு உறைத்தது. திரையைப் பார்த்துக் கும்பிட்டேன். மேக்னெட்டோவோடு பாக்குவெட்டியும் பொட்டலத்தில் வந்தது. இனிமேல் நானே பிரிக்க நேர்ந்தால் குறுக்கே வைப்பதற்காம். காரியம் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார்கள்.

அன்று பொழுது சாய்வதற்குள் இன்ஜின் இரண்டாவது இழுப்பில் பிடித்தது. மறுநாள் மத்தியானம் வரை நிற்காமல் ஓடியது. ஓரத்தில் முப்பது நாற்பது மரம் சாய்ந்தது, மற்றவை நின்றன.

நாலு மாசம் பத்து நாள் இத்தா முடிந்த பிறகு, மாசி மாதத்தில், ஒரு தாரையும் பாக்குவெட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். மேக்னெட்டோவையும் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன், அதில் பழுது ஒன்றும் இல்லை. ஜன்னலின் இரண்டு கதவுகளும் திறந்திருந்தன.

"வாங்க தம்பி. மரமெல்லாம் நின்னுச்சா?"

"நின்னுச்சுங்க பாயம்மா." மேக்னெட்டோவைத் திரைக்குக் கிட்டே நீட்டினேன். "இதை ஒரு தடவை பார்த்துடுங்க."

"என்ன வந்தது அதுக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. உங்க கையால ஒரு தடவை பார்த்துட்டா போதும்."

பிறகு ஜன்னல் கட்டையில் மேக்னெட்டோவை வெளிப்பக்கமாக வைக்கச் சொன்னார். அதிலிருந்து இரண்டு ஒயரையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சுத்தறதுக்கு எனக்கு ஆளில்லை. நீங்க சுத்துங்க."

பாய் எப்படிச் சுற்றுவார் என்று எட்டு வருஷம் கேட்ட சத்தத்திலேயே எனக்குத் தெரியும். அதே போல உருளையைப் பிடித்து, ஒரு வெட்டு வெட்டிச் சுற்றினேன். உள்ளே சத்தமில்லை. நான் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் உறைக்கவில்லை போலிருக்கிறது, அவரைச் சோதித்துப் பார்க்க நான் யார் என்று என்னையே நொந்துகொண்டேன்.

"தோள்" என்றார் பாயம்மா.

குரல் நடுங்கியது.